கெக்கிலிருந்து ஊற்றும் வீட்டு ஸ்டவுட்டில் நுரை நிற்க வேண்டுமென்றால்

வீட்டில் காய்ச்சிய ஸ்டவுட்டில், அதாவது வறுத்த பார்லி போட்ட கறுப்பு பீரில், நுரை நிற்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கெக்கில் (பீரை அடைத்துவைக்கும் உலோகப் பீப்பாயில்) கரியமில வாயு எவ்வளவு ஏற்றியிருக்கிறீர்கள்? "மற்ற பீருக்கு ஏற்றுகிற அளவுதான்" என்றே பெரும்பாலும் பதில் வரும். அதிலும் நுரை போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பாலாடை போல மெத்தென்று உட்கார்ந்து, கடைசி மடக்கு வரை கூடவே இறங்கி வரும் அந்த நுரைக்குக் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும். பாதிக்குப் பாதி குறைக்க வேண்டும். மீதி வேலை நைட்ரஜனுடையது.

ஏன் என்று புரிந்துகொண்டால் பிறகு வரும் எண்கள் எல்லாம் தானாக மனதில் நிற்கும். கரியமில வாயு பீரில் தாராளமாகக் கரையும். நுரை என்பது மெல்லிய திரவச் சுவர்களால் பிரிக்கப்பட்ட குமிழிகளின் கூட்டம். சின்னக் குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. சுவரில் எளிதாகக் கரையும் வாயு என்றால் சின்னதிலிருந்து பெரியதுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். சின்னவை மறையும், பெரியவை ஊதும், ஊதியவை உடையும். கண்ணெதிரே நுரை கரடுமுரடாகி, சோப்புக் குமிழி போலப் பெருத்து, அடங்கிப் போவது இதனால்தான்.

நைட்ரஜன் கதை வேறு. குளிர்ந்த நீரில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 70 மடங்கு குறைவாகவே கரையும். சுவரைத் தாண்டுவது அதற்குப் பெரும்பாடு. அதோடு வெளியே இருக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குமிழிக்குள்ளும் அதே வாயு, வெளியேயும் அதே வாயு என்றால் வெளியேறுவதற்கு உந்துதலே இல்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள குமிழிகள் பிறந்த அளவிலேயே நெடுநேரம் நிற்கின்றன. நாக்கில் படும்போது குமிழி என்றே தெரியாமல் வழவழப்பாகத் தெரிவதும் அந்தச் சின்ன அளவினால்தான்.

இதைத் தொழிலாக மாற்றிக் காட்டியது அயர்லாந்தின் கின்னஸ் பீர் நிறுவனம். கணிதம் படித்து அங்கே வேலைக்குச் சேர்ந்த மைக்கேல் ஆஷ் என்பவரின் முயற்சியில் நைட்ரஜன் கலந்த டிராஃப்ட் ஸ்டவுட் 1959இல் வந்தது. அதே நுரையை டப்பாவில் அடைக்க விட்ஜெட் என்ற சிறு பிளாஸ்டிக் துண்டு வருவதற்கு 1980களின் கடைசி ஆகிவிட்டது. வீட்டு கெக்கில் நாம் செய்வது 1959இன் அதே வேலையைத்தான், 19 லிட்டர் அளவில்.

இலக்கு எண் இதுதான்: கரைந்த கரியமில வாயு 1.1 முதல் 1.2 வால்யூம் வரை. அதாவது ஒரு லிட்டர் பீரில் 1.2 லிட்டர் வாயு. சாதாரண ஏல் வகை பீர்கள் 2.4, 2.5 என்று போகும். 4 டிகிரி செல்சியஸில் கெக்கை 12 பிஎஸ்ஐ (ரெகுலேட்டர் என்ற அழுத்தச் சீராக்கி காட்டும் அழுத்த அலகு) கரியமில வாயுவில் வைத்தால் கிடைப்பது 2.5 வால்யூம். அந்த பீரைக் கொண்டுபோய், நுண்துளைத் தட்டு வைத்த ஸ்டவுட் குழாயில் மாட்டினால் கோப்பை முழுக்க நுரை மட்டுமே வரும். கலவை வாயு கிடைக்கவில்லை என்று வெறும் கரியமில வாயுவையே 35 பிஎஸ்ஐக்கு ஏற்றி மாட்டுவது இதைவிட மோசம். அப்படியே விட்டுவைத்தால் 4.7 வால்யூம் வரை ஏறிவிடும்.

வாயுக் கலவை என்று கேட்டு வாங்க வேண்டியது 75 சதவீதம் நைட்ரஜன், 25 சதவீதம் கரியமில வாயு. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ரெகுலேட்டர் 35 பிஎஸ்ஐ காட்டினால் அதோடு வளிமண்டலத்தின் 14.7ஐக் கூட்ட வேண்டும், ஏறக்குறைய 50. அதில் கால் பங்கு 12.4. கரியமில வாயுவாகப் பீருக்குத் தெரிவது இந்த 12.4 மட்டும்தான். 4 டிகிரியில் இதற்குக் கிடைக்கும் கரைசல் 1.17 வால்யூம். ஆக இந்தக் கலவை, இந்த அழுத்தம், இந்தக் குளிர் மூன்றும் சேர்ந்தாலே கரியமில வாயு சரியான இடத்தில் நின்றுகொள்ளும். குழாயின் சின்னத் துளைகள் வழியே பீரைத் தள்ளப் போதிய விசையும் இருக்கும்.

70/30 கலவை கிடைத்தால் 28 பிஎஸ்ஐ வைத்தாலே 1.2 வந்துவிடும், ஆனால் தள்ளும் விசை சற்றுக் குறையும், பரவாயில்லை, சமாளிக்கலாம். 60/40 கலவையை ஸ்டவுட்டுக்கு வாங்க வேண்டாம். அதில் 1.2 வால்யூம் வேண்டுமென்றால் 17 பிஎஸ்ஐக்கு இறங்க வேண்டும், அந்த அழுத்தத்தில் ஸ்டவுட் குழாய் உயிரே இல்லாமல் ஒழுகும். சுத்த நைட்ரஜனும் ஒரு வழிதான், கெக்கை ஓரிரு வாரத்தில் முடித்துவிடுவீர்கள் என்றால். கெக் காலியாகக் காலியாக மேலே உள்ள வெற்றிடத்துக்குக் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே போகும். கடைசிக் கோப்பைகள் சப்பென்று இருக்கும்.

சிலிண்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால் அறை வெப்பத்தில் அழுத்தம் சுமார் 800 பிஎஸ்ஐதான். கலவை வாயு வாயுவாகவே அடைக்கப்படுகிறது. நிரம்பிய சிலிண்டரில் 2000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கலாம். அதனால் அதற்கென்று உள்ள ரெகுலேட்டர் தனி, மரையே வேறு. இடைமாற்றி எதையாவது போட்டு கரியமில வாயு ரெகுலேட்டரை அதில் பொருத்தாதீர்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியிட்டு நிமிர்த்தி வையுங்கள். நைட்ரஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றோட்டமில்லாத சின்ன அறையில் சிலிண்டர் கசிந்து காலியானால் அறையின் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாயு எவ்வளவு செலவாகும்? 35 பிஎஸ்ஐயில் 19 லிட்டர் கெக்கைக் காலி செய்ய 64 லிட்டர் வாயு போகும். 2 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் 300 லிட்டர்தான் இருக்கும். நாலு கெக்குக்கு மேல் வராது. 10 லிட்டர் சிலிண்டர் என்றால் இருபது கெக் வரை கணக்கு வருகிறது. எங்கும் கசியவில்லை என்றால்தான் அந்தக் கணக்கு. கெக் மூடியின் ஓ-ரிங், வாயுக் குழாயின் முனைகள், ரெகுலேட்டர் வாஷர் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பார்த்த பிறகு துடைத்துக் கழுவுங்கள், ஏனென்றால் சோப்பு நம் எதிரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கலவை வாயுவில் ஒரு வசதியும் உண்டு: சிலிண்டர் மீட்டர் பொய் சொல்லாது. முள் பாதிக்கு வந்தால் வாயுவும் பாதிதான்.

இனி பீருக்குள் வாயு ஏற்றும் வேலை. இதை இரண்டு கட்டமாகச் செய்வதே நல்லது. முதலில் கரியமில வாயுவை 1.2க்குக் கொண்டுவருவது, பிறகு நைட்ரஜனைக் கரைப்பது.

முதல் கட்டத்தில் மறந்துவிடக் கூடாதது, நொதித்து முடிந்த பீர் காலியாக வருவதில்லை என்பது. 20 டிகிரியில் நொதித்த பீரில் 0.85 வால்யூம் வாயு ஏற்கெனவே தங்கியிருக்கிறது. நமக்குத் தேவை மேலும் 0.35 மட்டும். 19 லிட்டருக்கு அது வெறும் 13 கிராம் கரியமில வாயு. இதைக் குளிரவைத்துவிட்டு அளக்கப் போனால் அகப்படாது: 4 டிகிரியில் 1.2 வால்யூமுக்கான சமநிலை அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு, ரெகுலேட்டர் முள் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் இந்த வேலையைக் குளிரவைக்கும் முன்பே, அறை வெப்பத்தில் முடித்துவிடுங்கள். 20 டிகிரியில் கெக்கை 6 பிஎஸ்ஐ கரியமில வாயுவில் மாட்டி ஒரு வாரம் பத்து நாள் விட்டால் 1.2இல் போய் நிற்கும். அவசரமென்றால் அதே 6 பிஎஸ்ஐயில் வாயு திறந்திருக்கும்போதே கெக்கைப் பத்து நிமிடம் உருட்டி ஆட்டலாம். ரெகுலேட்டரில் வாயு பாயும் சத்தம் நின்றுவிட்டால் போதுமான அளவு ஏறிவிட்டது. அழுத்தத்தை மட்டும் கூட்டாதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று 30 பிஎஸ்ஐ வைத்து ஆட்டுபவர்களின் பீர்தான் பிறகு குழாயில் வெறும் நுரையாக வருகிறது.

ரெகுலேட்டரே வேண்டாம் என்பவர்களுக்குச் சர்க்கரை வழி இருக்கிறது. 19 லிட்டருக்கு 25 கிராம் சாதாரணச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கெக்கில் ஊற்றி மூடி, 20 டிகிரியில் இரண்டு வாரம். பாட்டிலுக்குப் போடும் அளவோடு ஒப்பிட்டால் கை கூசும் அளவுக்குக் குறைவாகத் தெரியும். அது போதும்.

இரண்டாவது கட்டம் பொறுமையைச் சோதிக்கும். கெக்கை 4 டிகிரிக்குக் குளிரவைத்து, கலவை வாயுவில் 35 பிஎஸ்ஐயில் மாட்டுங்கள். நைட்ரஜன் அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. சும்மா மாட்டிவைத்தால் இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் ஊற்றிப் பார்த்தால் அலையடிப்பு, அதாவது கோப்பையில் குமிழிகள் அலையலையாகப் புரள்வது, அரைகுறையாக வந்து அடங்கும், நுரை விரலளவுகூட வராது. ஆட்டினால் நாள்கணக்கு குறையும். அதற்குக் கெக்கை நிரப்பும்போதே இடம் விட்டு வைக்க வேண்டும்: 19 லிட்டர் கெக்கில் 17, 17.5 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்பு வரை நிரம்பிய கெக்கை எவ்வளவு ஆட்டினாலும் உள்ளே திரவம் புரளாது, வாயுவும் கலக்காது. கெக்கைப் படுக்கவைத்து, வாயு நுழைவாய் மேல்பக்கம் இருக்கும்படி பார்த்து, வாயு திறந்த நிலையிலேயே பத்து நிமிடம் முன்னும் பின்னுமாக உருட்டுங்கள். வாயுக் குழாயில் ஒருவழி வால்வு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்; பீர் திரும்பி ரெகுலேட்டருக்குள் போனால் ரெகுலேட்டர் போச்சு. உருட்டிய பின் வாயுவை இணைப்பிலேயே விட்டு ஒரு நாள் நிமிர்த்தி ஓய்வு கொடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. மூன்றாம் நாள் ஊற்றிப் பார்க்கலாம்.

மூடியில் தொங்கவிடும் அரை மைக்ரான் காற்றுக்கல்லைப் பலர் மந்திரக்கோல் போல நம்புகிறார்கள். கரியமில வாயுவுக்கு அது அருமையான கருவி. கரையக் கரைய அழுத்தம் குறையும், கல் வழியே புது வாயு வந்துகொண்டே இருக்கும். நைட்ரஜனோ கரைவதே சொற்பம். மேலே உள்ள வெற்றிடத்தில் அழுத்தம் சமமானதும் கல் வழியே எதுவும் பாயாது; கல் பீருக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். கல்லைப் பயன்படுத்துவதென்றால் 35ஐ ஒரேயடியாகத் திறக்காமல் ஐந்து பிஎஸ்ஐயில் தொடங்கி, சில மணிக்கு ஒருமுறை 3 பிஎஸ்ஐ கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வாயு கல் வழியாக நுண்குமிழியாகப் போயாக வேண்டும். என் தேர்வு கேட்டால் உருட்டுவதுதான். காசும் இல்லை, கல்லைக் கழுவும் வேலையும் இல்லை.

ஏற்கெனவே கரியமில வாயு அதிகமாகிவிட்ட கெக்கை என்ன செய்வது? எல்லா வாயுவையும் கழற்றி, அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மூடியின் விடுவிப்பு வால்வை மணிக்கு ஒருமுறை மெதுவாகத் திறந்து மூடுங்கள். வேகமாகத் திறந்தால் பீரே நுரைத்து வால்வு வழியாக வரும். ஒரு நாள் இப்படிப் போனால் அழுத்தம் நன்றாக இறங்கிவிடும். கடைசியாக ஒருமுறை வாயுவை விட்டுவிட்டு, நன்கு ஆட்டி, மீட்டரை மாட்டிப் பாருங்கள்: 20 டிகிரியில் 6 பிஎஸ்ஐ காட்டினால் சரியான இடம். அதற்குப் பிறகு குளிரவைத்துக் கலவை வாயு.

குழாய்க்கு வருவோம். ஸ்டவுட் குழாயின் நீண்ட மூக்கைத் திருகிக் கழற்றி உள்ளிருப்பதை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். காசு அளவில் ஒரு வட்டத் தட்டு, அதில் பெரும்பாலும் ஐந்து நுண்துளைகள். கூடவே பிளாஸ்டிக்கில் பட்டைபட்டையாக ஒரு சின்னத் துண்டு, ஒரு வாஷர். இவ்வளவுதான் ரகசியம். 35 பிஎஸ்ஐயில் வரும் பீர் இந்தத் துளைகளில் நசுங்கிப் பாயும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது. கரைந்திருந்த நைட்ரஜன் எல்லாம் ஒரே நேரத்தில் நுண்குமிழிகளாகத் துள்ளி வெளியே வருகிறது. நைட்ரஜன் தானாகக் குமிழி விடும் சுபாவம் உள்ளதல்ல, இந்த அடி விழுந்தால்தான் வெளியே வரும். அதனால் சாதாரணக் குழாயில் ஊற்றினால் நைட்ரஜன் ஏற்றிய பீரும் செத்ததுபோலவே இருக்கும்.

தட்டைத் திருப்பி மாட்டும்போது வாஷரை விட்டுவிட்டால் பீர் துளைகளைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் பாயும். நுரை வரும், ஆனால் குமிழி பெரிசாக இருக்கும். திடீரென்று நுரையின் தரம் கெட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இன்னொன்று அடைப்பு. ஐந்தில் இரண்டு துளை அடைத்தால்கூட ஊற்று மெலிந்து, கோணலாக வரும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் துணுக்கும் ஈஸ்ட் படிவும்தான் காரணம். கெக்கின் உள்குழாய் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். தட்டை வெந்நீரில் ஊறவைத்து, துளைகளை மெல்லிய நைலான் இழையால் குத்துங்கள். கம்பி வேண்டாம், துளையின் விளிம்பு சிதைந்தால் தட்டு வீண். ஊற்றி முடித்த இரவே மூக்கின் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிவிடுவது நல்லது. மூக்கு நீளமாக இருப்பதால் உள்ளே பீர் தங்கி, காய்ந்து, பூஞ்சை பிடிக்கும்.

கெக்கிலிருந்து குழாய் வரை உள்ள பீர்க் குழாய் 5 அல்லது 6 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஒன்றரை மீட்டர் போதும். மற்ற பீருக்கு நீளமான மெல்லிய குழாயால் வேகத்தைக் கட்டுப்படுத்துவோம். இங்கே அந்த வேலையைத் துளைத்தட்டே செய்துவிடுகிறது. முழு நீளமும் குளிர்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஊற்றும் முறை: உலர்ந்த, குளிராத, கொஞ்சம் விரிந்து குறுகும் வடிவுள்ள 568 மில்லி கோப்பை. 45 டிகிரி சாய்த்து, மூக்கு பீரில் முங்காமல், கைப்பிடியை முழுவதும் திறந்து முக்கால் பங்கு. நிறுத்தி வையுங்கள். முதலில் கோப்பை முழுக்கப் பழுப்பாக, கலங்கலாகத் தெரியும். பிறகு ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி ஓடுவதைக் காணலாம். பிரமை அல்ல அது. விரிந்த கோப்பையில் நடுவில் குமிழிகள் அடர்ந்து மேலே எழ, ஓரத்தில் திரவம் கீழிறங்கி அங்குள்ள குமிழிகளையும் இழுத்துப் போகிறது. 2012இல் லிமெரிக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் இதைக் கணக்கிட்டே விளக்கினார்கள். அடியிலிருந்து கறுப்பு மெல்ல ஏறி, மேலே வெண்பழுப்பு வரம்பு ஒன்று திட்டமாகப் பிரியும் வரை கை வைக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு நிமிடம். பிறகு கோப்பையை நேராகப் பிடித்து, மெல்லிய ஓட்டத்தில் நிரப்புங்கள். சில குழாய்களில் கைப்பிடியைப் பின்னால் தள்ளினால் இதற்கென்றே ஒரு மெல்லிய ஓட்டம் வரும். நுரை 2 சென்டிமீட்டர், விளிம்பைவிட ஒரு நூல் உயர்ந்து நிற்கும்.

வாயுவும் குழாயும் நுரையை உண்டாக்கும். அதைத் தாங்கிப் பிடிப்பது பீருக்குள் இருக்கும் புரதமும் ஹாப்ஸின் கசப்பும். பார்லியின் சில புரதங்கள் குமிழியின் சுவரில் ஒட்டிக்கொள்ள, கொதியில் உருமாறிய ஹாப்ஸ் ஆல்பா அமிலங்கள் அவற்றை ஒன்றோடொன்று கோத்துவிடுகின்றன. கோப்பையின் உள்பக்கம் மடக்குக்கு ஒரு வளையமாக நுரை ஒட்டி நிற்பது இந்தக் கோப்பினால்தான். கசப்பைக் குறைத்த ஸ்டவுட்டில் நுரையும் தளரும்.

19, 20 லிட்டர் உலர் ஸ்டவுட்டுக்கு நம்பிக்கையான அளவு: பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 2.8 கிலோ, பார்லி அவல் 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம். கோல்டிங்ஸ் போன்ற 5 சதவீத ஆல்பா அமிலமுள்ள ஹாப்ஸ் 60 கிராம், ஒரு மணி நேரக் கொதிக்கு. தொடக்க அடர்த்தி 1.042 அருகே, கசப்பு 35 ஐபியூவுக்கு (கசப்பு அலகு) மேல். பார்லி அவல்தான் இதில் நுரையின் முதுகெலும்பு. அதன் புரதமும் பிசுபிசுப்பும் சுவரிலிருந்து திரவம் வடிவதைத் தாமதப்படுத்தும். வடிகட்டும்போது அதே பிசுபிசுப்பு அடைக்கும் என்பதால் இரண்டு கை நெல் உமியைக் கழுவிக் கலந்துகொள்ளுங்கள். மால்ட்டை 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். 50 டிகிரியில் புரத ஓய்வு என்று பழைய முறைகள் சொல்வதை விட்டுவிடுங்கள். இன்றைய மால்ட் அதற்குத் தேவைப்படாத அளவுக்குப் பக்குவப்பட்டே வருகிறது, அந்த ஓய்வு நுரைக்கு வேண்டிய புரதங்களையே துண்டாக்கிவிடும்.

ஈஸ்ட்டையும் சோர்வாக்காதீர்கள். போதாத ஈஸ்ட், அதிக வெப்பம், நொதித்த பின் மாதக்கணக்கில் படிவின் மேலேயே கிடப்பது இவை எல்லாம் ஈஸ்ட் செல்களைச் சிதைத்து, நுரைப் புரதத்தைத் தின்னும் நொதியைப் பீரில் விடும். இரண்டு வாரம் நொதித்து, இரண்டு நாள் குளிரவைத்து, தெளிந்ததை மட்டும் கெக்குக்கு மாற்றினால் போதும். பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பேன் கலந்த தெளிவூட்டிகளும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

கொழுப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன அத்தனையையும் சரியாகச் செய்துவிட்டு இதில் தோற்பவர்கள் நிறைய. கோகோ துண்டு, தேங்காய், கொட்டைகள் போட்ட ஸ்டவுட்டில் எண்ணெய் மிதக்கும். நுரை நிமிடத்தில் சாகும். நொதிக்கும்போது பொங்காமல் இருக்கச் சிலிகான் துளி விடுபவர்கள் அது படிவோடு அடியில் தங்கும்வரை காத்திருக்க வேண்டும். கலங்கலோடு கெக்குக்குப் போனால் அந்தத் துளி அங்கேயும் தன் வேலையைச் செய்யும். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஓ-ரிங்குகளில் தடவும் சிலிகான் கிரீஸ். மூடியின் பெரிய ரிங்குக்குப் பட்டாணியில் பாதி அளவு போதும், பளபளப்புத் தெரிந்தால் சரி. விரல் நிறைய எடுத்துப் பூசினால் மிகுதி பீருக்குள் இறங்கி, கெக் காலியாகும் வரை நுரையைக் கொன்றுகொண்டே இருக்கும். குழாயைக் காரம் போட்டுக் கழுவியபின் போதுமான தண்ணீர் விடாமல் விட்டாலும் இதே கதிதான்.

கோப்பைக்கு எளிய சோதனை உண்டு. உள்ளே தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்து, சுவரில் உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடமெல்லாம் உப்பு சீராக ஒட்டும். எண்ணெய்ப் பூச்சு உள்ள இடத்தில் ஒட்டாமல் வெற்றுத் திட்டாக நிற்கும். அப்படித் திட்டு தெரிந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கலந்து தேய்த்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, துணி படாமல் கம்பித் தட்டில் கவிழ்த்துக் காயவிடுங்கள். பால் குடித்த கோப்பை, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பளபளப்பூட்டி பட்ட கோப்பை எதையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கலவை வாயு கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள் கைவிட வேண்டியதில்லை. கரியமில வாயுவை 1.5 வால்யூம் அளவில் மென்மையாக வைத்து, சாதாரணக் குழாயில் கோப்பையை ஒரு விரற்கடை குறைத்து ஊற்றுங்கள். ஊசி இல்லாத புதிய சிரிஞ்சில் அதே பீரை 10 மில்லி இழுத்து, முனையைப் பரப்புக்குச் சற்று மேலே பிடித்து, முழு வேகத்தில் அதற்குள்ளேயே பீய்ச்சுங்கள். காற்றும் உள்ளே இழுபட்டு நுண்குமிழிகளாகும். காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன்தானே. ஒன்றிரண்டு முறை பீய்ச்சினால் அலையடிப்பும் வரும், அடர்ந்த நுரையும் வரும். துளைத்தட்டு தரும் அளவுக்கு நேரம் நிற்காது, ஆனால் உங்கள் பீரின் புரதம் நுரையைத் தாங்குமா என்று கெக், சிலிண்டர் எதுவும் வாங்கும் முன் கண்டுகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

கடைசியில், நுரை ஏமாற்றினால் எந்தப் பக்கம் கோளாறு என்று பிரித்துப் பாருங்கள். கோப்பை முழுக்க நுரையாக, கரடுமுரடாக வந்தால் கரியமில வாயு அதிகம். அல்லது குழாயின் மூக்கு சூடாக இருக்கிறது, அப்படியானால் இரண்டாவது கோப்பை சரியாகிவிடும். ஓட்டம் நன்றாக இருந்தும் அலையடிப்பு அரைநிமிடத்தில் முடிந்தால் நைட்ரஜன் இன்னும் ஏறவில்லை. இன்னும் இரண்டு நாள், இன்னொரு உருட்டல். அலையடிப்பு அழகாக வந்து, நுரையும் உயர்ந்து, ஐந்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து உடைந்து நடுவில் தீவுபோல மிஞ்சினால் அது கொழுப்பு. அப்போது வாஷிங் சோடாவில் கழுவிய இன்னொரு கோப்பையில் அதே கெக்கிலிருந்து ஊற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புதியதில் நின்றால் பழைய கோப்பைதான் குற்றவாளி. இரண்டிலும் உடைந்தால் கெக்கைக் காலி செய்தபின் மூடியின் ஓ-ரிங்கைக் கழற்றி, அதில் எவ்வளவு கிரீஸ் இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.